வாங்கினேனா, பெற்றேனா, எடுத்தேனா? – ஜப்பானிய மொழி கேள்வி பதில்

இந்த முறை பதில் சொல்ல எடுத்துக்கொண்ட கடிதங்கள் எல்லாம் செட்டிநாட்டிலிருந்து வந்தவை. பழைய வீடுகளைப் பார்க்க வரும் ஜப்பானிய விருந்தினரோடு பேச வேண்டியிருப்பவர்களும், வேலைக்காக அந்த மொழியைப் படிப்பவர்களும் எழுதியிருக்கிறார்கள். ஒரு பொருளை எடுப்பது, வாங்குவது, பெறுவது ஆகியவற்றுக்கு எந்த வினைச்சொல்லைப் போடுவது என்பதே அனைவருடைய கேள்வியும். ஜப்பானியச் சொற்களை ஒலியை ஒட்டித் தமிழில் எழுதியிருக்கிறேன். குறில் உள்ள இடத்தைக் குறிலாகவே வாசியுங்கள்.

எங்கள் வீட்டின் ஒரு பகுதியை விருந்தினர் தங்க விட்டிருக்கிறோம். முன்பு தங்கிய ஜப்பானியத் தம்பதியர் போகும்போது ஒரு கைவிசிறி தந்தார்கள். பிறகு வந்த இன்னொரு ஜப்பானியர் அதைப் பற்றிக் கேட்டபோது, 'ஜப்பானியர் ஒருவரிடம் வாங்கினேன்' என்ற பொருளில் 'நிஹொன்ஜின் கரா கைமஷிட்டா' என்றேன். அவர் உடனே விலை என்ன என்று கேட்டார். எங்கே பிசகியது?
– வாசகி, கானாடுகாத்தான்

நீங்கள் சொன்ன 'கைமஷிட்டா' என்பது 'கவு' என்ற வினையின் இறந்தகாலம். பணம் கொடுத்து வாங்கினால் மட்டுமே அந்த வினை பொருந்தும். அன்பளிப்பாக வந்த விசிறிக்கு 'மொரவு' என்ற வினை வேண்டும். 'நிஹொன்ஜின் கரா மொரைமஷிட்டா' என்று சொல்லியிருந்தால் விலைப் பேச்சே எழுந்திருக்காது.

பிசகு உங்களுடையது என்பதைவிட நம்முடைய 'வாங்கு' என்ற வினையின் அகலத்தால் வந்தது என்பேன். கடையில் புடவை வாங்குகிறோம், பெரியவர்களிடம் ஆசி வாங்குகிறோம், பக்கத்து வீட்டில் இரவலாக ஏணி வாங்குகிறோம், வங்கியில் கடன் வாங்குகிறோம், தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு உறை வாங்குகிறோம். கை நீட்டினால் போதும், தமிழில் அது வாங்குவதுதான். ஜப்பானிய மொழியோ அந்தக் கை நீட்டலுக்குப் பின்னால் என்ன ஏற்பாடு இருந்தது என்று கேட்டுவிட்டுத்தான் வினையைத் தருகிறது: காசு கைமாறினால் 'கவு', ஒருவர் மனமுவந்து கொடுத்தால் 'மொரவு', திருப்பித் தர வேண்டியது என்றால் 'கரிரு', அனுப்பப்பட்ட ஒன்று உங்கள் கைக்கு வந்து சேர்ந்தால் 'உக்கெட்டொரு', பிறருடைய பொருளைப் பாதுகாத்து வைப்பதற்காகப் பெற்றுக்கொண்டால் 'அஸுக்கரு'.

இவற்றில் கடைசிச் சொல் உங்கள் தொழிலுக்கு மிகவும் பயன்படும். அறையைக் காலி செய்துவிட்டு ஊரைச் சுற்றிப் பார்க்கப் போகும் விருந்தினரின் பெட்டியைப் பெற்றுக்கொள்ளும்போது 'மொரவு' என்று சொல்லிவிட்டால், பெட்டியையே தானமாகப் பெற்றுக்கொண்டதாக ஆகிவிடும். 'ஒஅஸுக்கரி ஷிமஸ்' என்று சொல்லுங்கள். பொருள் அவருடையது, பொறுப்பு உங்களுடையது என்பது அதிலேயே அடங்கிவிடும். ஜப்பானியக் கடைகளில் கல்லாவில் இருப்பவர் வாடிக்கையாளர் நீட்டும் 1,000 யென் நோட்டைப் பெற்றுக்கொள்ளும்போதும் இதே சொல்லைத்தான் சொல்வார். மீதிச் சில்லறையைத் தந்து கணக்கை முடிக்கும்வரை அந்தப் பணம் தம்மிடம் ஒப்படைக்கப்பட்டது என்ற பாவனை அதில் இருக்கிறது.

உருபைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழர்கள் இடறும் அடுத்த இடம் அதுதான். 'மொரவு' என்ற வினையோடு, கொடுத்தவரின் பெயருக்குப் பின் 'கரா' என்றும் சொல்லலாம், 'நி' என்றும் சொல்லலாம். 'கரா' நம் 'இடமிருந்து' போன்றது, சிக்கல் இல்லை. கொடுத்தது ஒரு நிறுவனமோ அலுவலகமோ என்றால் அதுதான் இயல்பும்கூட. 'நி' பெரும்பாலும் நம் நான்காம் வேற்றுமையைப் போல 'கு' என்ற பொருளில் வருவதால், பாடத்தில் அதைப் பார்த்தவுடன் நாம் தலைகீழாகப் புரிந்துகொள்கிறோம். 'அனி நி டொக்கெய் ஒ கைமஷிட்டா' என்றால் அண்ணனுக்குக் கடிகாரம் வாங்கினேன். 'அனி நி டொக்கெய் ஒ மொரைமஷிட்டா' என்றால் அண்ணனிடமிருந்து கடிகாரம் கிடைத்தது. வினை ஒன்று மாறினால் கடிகாரம் எதிர்த்திசையில் நடக்கிறது. ஆகவே வாக்கியத்தின் கடைசிச் சொல் வரும்வரை காதைத் தீட்டிக்கொண்டிருக்க வேண்டும். வினை இறுதியில் வரும் மொழியில் பிறந்த நமக்கு அந்தப் பொறுமை புதிதல்ல.

விருந்தினரிடமே அந்த விசிறியைப் பற்றி நன்றியோடு பேசும்போது 'மொரவு' என்பதற்குப் பதிலாக 'இட்டடக்கு' என்ற பணிவுச் சொல் வர வேண்டும். உங்கள் வீட்டில் இலை போட்டுப் பரிமாறியதும் அவர்கள் சொல்லும் 'இட்டடக்கிமஸ்' அதே வினைதான். 'மொரவு' குடும்பத்துக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு: நீங்கள் கொடுத்ததை இன்னொருவர் பெற்றுக்கொண்டார் என்று உங்கள் வாயால் சொல்ல அது உதவாது, அங்கே 'அகெரு', அதாவது 'நான் கொடுத்தேன்' என்றே சொல்ல வேண்டும்.

'திட்டு வாங்கினான்', 'அடி வாங்கினான்' போன்றவற்றுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அவை ஜப்பானிய மொழியில் செயப்பாட்டு வினையாக, 'திட்டப்பட்டான்' என்ற அமைப்பில் வரும்.

காரைக்குடியில் பழம்பொருள் கடை வைத்திருக்கிறேன். இடிக்கப்பட்ட ஒரு வீட்டின் சுவரிலிருந்து வந்த பூப்போட்ட ஜப்பான் டைல்ஸ் சில என்னிடம் இருக்கின்றன. ஜப்பானியர் ஒருவர் அவற்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எப்படிக் கிடைத்தது என்று கேட்டார். 'ஃபுருய் இயெ கரா டொரிமஷிட்டா', அதாவது பழைய வீட்டிலிருந்து எடுத்தேன் என்றேன். அவர் டைல்ஸை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார்.
– வாசகர், காரைக்குடி

நல்ல வியாபாரம் ஒரு வினைச்சொல்லால் போயிருக்கலாம் என்றே நினைக்கிறேன். 'டொரு' என்ற வினைக்கு நம் 'எடு' ஏறத்தாழச் சரியான இணை. ஆனால் பிறருடைய இடத்திலிருந்து ஒரு பொருளை 'டொரு' செய்ததாக, வேறு விளக்கம் இல்லாமல் சொன்னால், உரிமையாளருக்குத் தெரியாமல் எடுத்துவிட்டதாகக் கேட்பவர் எண்ண இடம் உண்டு. அதன் செயப்பாட்டு வடிவமான 'டொரரெட்டா' என்பதைப் பணப்பையோடு சேர்த்துச் சொன்னால் 'பறிகொடுத்தேன்' என்றே பொருள். வெளிப்படையாகத் திருடுவதற்கு 'நுஸுமு' என்றும், பிடுங்கிக்கொள்வதற்கு 'உபவு' என்றும் தனிச் சொற்கள் இருந்தாலும், 'டொரு' அந்த வேலையையும் சத்தமில்லாமல் செய்யும். 'அவர் வீட்டிலிருந்து எடுத்துவிட்டான்' என்று தமிழில் ஒருவர் சொன்னாலும் நாம் புருவத்தை உயர்த்துவோம் அல்லவா?

பழைய பொருள்களைப் பொறுத்தவரை ஜப்பானியர்களுக்கு இந்த எச்சரிக்கை கூடுதலாகவே இருக்கும். அங்கே பழம்பொருள் வாங்கி விற்பதற்கு 1949ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி உரிமம் பெற வேண்டும். திருட்டுப் பொருள்கள் சந்தைக்குள் நுழையாமல் தடுப்பதே அந்தச் சட்டத்தின் முக்கிய நோக்கம். ஆகவே பொருள் எப்படிக் கைக்கு வந்தது என்பதை அந்தத் தொழிலுக்கே உரிய சொற்களால் சொல்லுங்கள்.

உரிமையாளர் விலை பேசி உங்களுக்குக் கொடுத்திருந்தால் 'கைட்டொரு' என்பது சரியான வினை. பழைய பொருள்களைக் கடைக்காரர் விலை கொடுத்து எடுத்துக்கொள்வதற்கான சொல் அது. ஜப்பானியத் தெருக்களில் பழைய புத்தகக் கடை, நகைக் கடை வாசல்களில் 'கைட்டொரி' என்ற அறிவிப்பைப் பரவலாகக் காணலாம். இடிக்கப்போகும் வீட்டில் வேண்டாம் என்று விட்டதை நீங்கள் பொறுப்பேற்று அப்புறப்படுத்தி எடுத்துவந்திருந்தால் 'ஹிக்கிட்டொரு'. 'கொவஸரெரு இயெ கரா ஹிக்கிட்டொரிமஷிட்டா' என்றால் 'இடிபட இருந்த வீட்டிலிருந்து ஏற்று எடுத்துவந்தேன்' என்று ஆகும். ஒரு பொருளை அழிவிலிருந்து காத்தவர் என்ற மதிப்பும் உங்களுக்குச் சேரும். எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி: 'யுஸுட்டெ மொரைமஷிட்டா'. உரிமையாளர் தமக்கு உரியதை மனமொப்பி எனக்கு விட்டுக்கொடுத்தார், நான் பெற்றுக்கொண்டேன் என்பது அதன் பொருள். பணம் கைமாறியதா இல்லையா என்பதை அது சொல்லாது; பழைய குடும்பங்களின் பொருளைப் பற்றிப் பேசும்போது அந்த நாசூக்கு நல்லது. மொத்த வியாபாரியிடம் சரக்கு எடுத்திருந்தால் 'ஷீரெரு' போதும்.

சுவரிலிருந்து டைல்ஸைப் பெயர்த்த செயலை மட்டும் விவரிக்க வேண்டுமானால் 'ஹகஸு', அதாவது ஒட்டியிருப்பதை உரித்தெடு என்ற வினை இருக்கிறது.

'டொரு' என்பதைக் கண்டு பயந்துவிடவும் வேண்டாம். அதை எழுதும் சீனச் சித்திர எழுத்தில் காது ஒரு பக்கமும் கை ஒரு பக்கமும் இருக்கும். போரில் வீழ்ந்த பகைவனின் காதை அறுத்தெடுத்த பழைய வழக்கத்திலிருந்து வந்தது அது என்பார்கள். அத்தனை கொடூரப் பிறப்பு இருந்தும் அன்றாடப் பேச்சில் அது நம் 'எடு' போலவே சாதுவானது. போட்டோ எடு, குறிப்பு எடு, நகல் எடு, லீவு எடு, மார்க் எடு, களை எடு, கறை எடு, தலையிலிருந்து தொப்பியை எடு ஆகிய எட்டு இடங்களிலும் ஜப்பானியர் 'டொரு' என்றே சொல்கிறார்கள் (எழுதும்போது போட்டோவுக்கு மட்டும் வேறு சித்திர எழுத்து). பந்தியில் 'அந்த உப்பை எடுங்கள்' என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பதும் 'ஷியொ ஒ டொட்டெ குடஸை' என்பதும் அச்சு அசல் ஒன்றே. ஆனால் 'பசி எடுக்கிறது', 'வாந்தி எடுத்தான்', 'முடிவு எடுத்தேன்' என்பவற்றுக்கெல்லாம் 'டொரு' செல்லாது. அவற்றுக்குத் தனி வினைகள் உண்டு.

செவிலியர் படிப்பு முடித்துவிட்டு, முதியோர் பராமரிப்பு வேலைக்காக ஜப்பானிய மொழி படிக்கிறேன். ஆங்கிலத்தில் எழுதிய பாடநூலில் மருந்து, தேர்வு, பேருந்து, குளியல், நேரம் என்று எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தின் 'டேக்' என்ற ஒரே வினைதான் வருகிறது. ஜப்பானிய மொழியில் ஒவ்வொன்றுக்கும் வேறு வினை. மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டுமா?
– வாசகி, தேவகோட்டை

வேண்டாம்; பாடநூலின் ஆங்கில வரியைக் கையால் மறைத்துக்கொண்டு, அதே செய்தியைத் தமிழில் எப்படிச் சொல்வீர்கள் என்று முதலில் யோசியுங்கள். பேருந்தில் நாம் ஏறுகிறோம். 'பஸு நி நொரு' என்பதும் ஏறுவதுதான். நேரம் 'ஆகிறது' என்கிறோம். 'ஜிக்கன் க கக்கரு' என்பதிலும் நேரத்தை யாரும் எடுப்பதில்லை. மருந்து குடிக்கிறோம், 'குஸுரி ஒ நொமு' என்பதும் குடிப்பதே, மாத்திரையாக இருந்தாலும் கூட. ஜப்பானியக் குளியலில் தொட்டிக்குள் இறங்குவதால் 'ஒஃபுரொ நி ஹைரு', அதாவது 'உள்ளே போ' என்று வரும். தேர்வை நாம் 'எழுதுகிறோம்', அவர்கள் எதிர்கொள்கிறார்கள்: 'ஷிக்கென் ஒ உக்கெரு'. இந்த 'உக்கெரு' உங்களுக்கு நிறையத் தேவைப்படும். சிகிச்சை பெறுவது, அறுவைச் சிகிச்சை செய்துகொள்வது ஆகியவற்றுக்கும் நோயாளியின் பக்கத்திலிருந்து அதுவே வினை.

வேலையிடத்தில் உடனே பயன்படும் சில: நாடி பார்ப்பது 'ம்யக்கு ஒ டொரு', இரத்தம் எடுப்பது 'சி ஒ டொரு', ஆனால் காய்ச்சல் பார்ப்பது 'நெட்ஸு ஒ ஹக்கரு', அதாவது அளப்பது. வேளைக்கு உணவு உட்கொள்வதைப் பதிவேட்டில் குறிக்க 'ஷொக்குஜி ஒ டொரு' என்று எழுதலாம்.

ஒரு பெரியவரைக் குளியலறைக்கோ மருத்துவரிடமோ கொண்டுபோகும்போது கவனம் தேவை. பொருளுக்கு 'மொட்டெ இக்கு', மனிதருக்கு 'ட்ஸுரெட்டெ இக்கு'. எடுத்துக்கொண்டு போவதும் அழைத்துக்கொண்டு போவதும் வேறு என்பது தமிழ்க் குழந்தைக்கே தெரியும். ஆங்கில வரி வழியாக வந்தவர்கள்தான் பாட்டியைப் பொட்டலம் போலத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். சக ஊழியரிடம் சொல்ல இது போதும். பெரியவரிடமே நேரில் சொல்லும்போது 'ஒட்ஸுரெ ஷிமஸ்' என்ற பணிவு வடிவம் வேண்டும். 2019 ஏப்ரலில் தொடங்கிய 'குறிப்பிட்ட திறன்' என்ற வேலை விசாவில் பராமரிப்பு வேலைக்குப் போகிறவர்களுக்கு பொதுவான மொழித் தேர்வோடு பராமரிப்புத் துறைக்கான தனி மொழித் தேர்வும் இருப்பதால், மேலே சொன்ன சேர்க்கைகளைச் சொல் சொல்லாகப் பிரிக்காமல் தொடராகவே பழகிவிடுங்கள்.

ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் மூன்றாம் நிலைக்குப் படிக்கிறேன். 'எரு', 'டெ நி இரெரு', 'டெ நி ஹைரு', 'ஷுட்டொக்கு ஸுரு' நான்குக்கும் அகராதி 'பெறு' என்றே தருகிறது.
– கல்லூரி மாணவர், காரைக்குடி

'எரு' எழுத்து வழக்குக்கு உரியது. அனுமதி, ஒப்புதல், ஆதரவு, இலாபம், அறிவு போன்ற கைக்குத் தட்டுப்படாதவற்றோடு சேரும். கடையில் சோப்பு வாங்கியதை 'எரு' என்றால் சிரிப்பார்கள். 'ஷுட்டொக்கு ஸுரு' அரசு விண்ணப்பத்தின் நடை: உரிமம், பட்டம், நிலம் ஆகியவற்றை முறைப்படி பெறுதல். ஓட்டுநர் உரிமத்தை விண்ணப்பத்தில் 'ஷுட்டொக்கு' செய்துவிட்டு, நண்பனிடம் 'மென்க்யொ ஒ டொட்டா' என்று சொல்வதே வழக்கம். லைசன்ஸ் எடுத்தேன் என்கிறோமே, அதுவேதான்.

மற்ற இரண்டிலும் உள்ள 'டெ' என்பது கை. தேடி அலைந்து வசப்படுத்தினால் 'டெ நி இரெரு'. தானாகக் கைக்கு வந்தால் 'டெ நி ஹைரு'. நம் 'கிடை' என்ற வினையை நினைத்துக்கொள்ளுங்கள். 'டிக்கெட் கிடைத்தது' என்னும்போது டிக்கெட்தான் எழுவாய். 'கிப்பு க டெ நி ஹைட்டா' என்பதிலும் டிக்கெட்தான் எழுவாய். எழுவாய் உருபான 'க' வந்தால் 'ஹைரு', செயப்படுபொருள் உருபான 'ஒ' வந்தால் 'இரெரு' என்று பார்த்தாலே தேர்வில் சரியான விடையைக் குறித்துவிடலாம்.

சாலையில் கிடந்த பணப்பையைப் பற்றிய கேள்வி வந்தால் நான்கும் தவறு. குனிந்து பொறுக்கி எடுத்தது 'ஹிரொவு'.

ஓய்வுபெற்ற தமிழாசிரியன் நான். பேரனுடைய ஜப்பானியப் பாடத்தைப் புரட்டியபோது, கொடுப்பதற்கு 'அகெரு', 'குரெரு' என்று இரண்டு வினைகளைப் பார்த்தேன். பெறுவதற்கு 'மொரவு' இருக்கும்போது கொடுப்பதற்கு இரண்டு எதற்கு?
– வாசகர், குன்றக்குடி

தங்களுக்கு இதை விளக்கத் தொல்காப்பியத்தையே துணைக்கு அழைக்கலாம் ஐயா. தருசொல்லும் வருசொல்லும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செலவும் (அதாவது போவதும்) கொடையும் படர்க்கைக்கு உரியவை என்று சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில் விதி இருக்கிறது. 'எனக்குத் தந்தான், அவனுக்குக் கொடுத்தான்' என்ற அந்த வேறுபாட்டை இன்றைய தமிழ்ப் பேச்சில் நாம் பெரும்பாலும் தளர்த்திவிட்டோம். 'எனக்குக் கொடுத்தான்' என்பது யாருக்கும் உறுத்துவதில்லை. ஜப்பானிய மொழி தனக்கே உரிய முறையில் அப்படியொரு வேறுபாட்டைக் கறாராக வைத்திருக்கிறது. பேசுபவரை நோக்கி வருவது 'குரெரு', பேசுபவரிடமிருந்து வெளியே போவது 'அகெரு'.

எல்லை மட்டும் சற்றே வேறு. தொல்காப்பிய விதி கேட்பவரையும் சேர்த்துக்கொள்கிறது. 'குரெரு' அடிப்படையில் பேசுபவரையும் அவர் வீட்டாரையும் சேர்ந்தது. தங்கள் பேரனுக்கு ஆசிரியர் ஒரு புத்தகம் கொடுத்தால் தாங்கள் 'குரெரு' என்றே சொல்லலாம், ஏனென்றால் பேரன் தங்களவன். ஆசிரியர் உயர்ந்தவர் என்பதால் 'குடஸரு' என்ற உயர்வு வடிவம் இன்னும் பொருந்தும்.

இங்கேதான் தங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது. ஆசிரியர் புத்தகம் தந்தார் என்று அவரை எழுவாயாக வைத்து 'குடஸரு' என்றும் சொல்லலாம், பேரன் பெற்றான் என்று இவனை எழுவாயாக வைத்து 'இட்டடக்கு' என்றும் சொல்லலாம். முன்னது அவர் தாமாகவே மனமிரங்கித் தந்ததை முன்னிறுத்தும். பின்னது பெற்றவனின் நன்றியை முன்னிறுத்தும், கேட்டுப் பெற்றதாகவும் இருக்கலாம். வினையெச்சத்தோடு சேரும்போது இது இன்னும் துலங்கும். நாம் கேட்டு ஒருவர் போட்டோ எடுத்துத் தந்தால் 'டொட்டெ மொரவு' இயல்பு. கேளாமலே எடுத்துத் தந்தால் 'டொட்டெ குரெரு'. தமிழிலும் 'எடுத்துத் தந்தார்' என்று துணைவினை வருவதால், பேரனுக்கு இதைத் தாங்களே சொல்லிக்கொடுக்கலாம்.

வீட்டைப் பார்க்க வந்த ஜப்பானியப் பெண் 'டொய்ரெ ஒ ஒக்கரி ஷிட்டெ மொ ஈ டெஸ் கா' என்றார். கழிப்பறையை இரவல் கேட்டது போல இருந்தது. சரியாகத்தான் கேட்டேனா?
– வாசகி, பள்ளத்தூர்

சரியாகவே கேட்டிருக்கிறீர்கள். 'கரிரு' என்பது எடுத்துச் சென்று திருப்பித் தருவதற்கு மட்டுமல்ல, பிறருக்கு உரியதை இருந்த இடத்திலேயே சற்று நேரம் பயன்படுத்திக்கொள்வதற்கும் வரும். கழிப்பறை, தொலைபேசி இரண்டுக்கும் அப்படிக் கேட்பதே அங்கே மரியாதை. 'டோஸொ, ஒட்ஸுக்கை குடஸை', அதாவது 'பயன்படுத்திக்கொள்ளுங்கள்' என்று பதில் சொல்லுங்கள்.

அதே வினை வாடகைக்கு எடுப்பதையும் குறிக்கும் என்பதால், காசு உண்டா இல்லையா என்பது அதிலிருந்து தெரியாது. விருந்தினருக்கு மிதிவண்டி கொடுக்கும் வழக்கம் உங்களுக்கு இருந்தால், இலவசம் என்றால் 'முர்யோ' என்றும் கட்டணம் என்றால் 'யூர்யோ' என்றும், ஒரு நாளைக்கு எத்தனை ரூபாய் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.